எஞ்சின் போட்டுக் காட்டிய சனிக்கிழமை

பாரிஸில் ரூ லூயி-பிளாங் தெருக் கடையொன்றில் மட்டன் ரோல்ஸுக்கு வரிசையில் நின்றபடி ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு ஒழுங்காக வரும் தொழில் அது ஒன்றுதான். முன்னால் நின்ற இருவரில் மூத்தவர் ஒரு விமான அருங்காட்சியகத்தில் துப்புரவுப் பணியாளர்.

"உலகப்போர்ச் சண்டை விமானம் ஒண்டு நிக்குது தம்பி. முதல்லை அதின்ரை காத்தாடிக்கு ரெண்டு தகடுதானாம். எஞ்சின் பலக்கப் பலக்க மூண்டாக்கி, நாலாக்கி, கடைசியிலை அஞ்சாக்கிப்போட்டாங்கள். அஞ்சையும் நான்தான் துடைக்கிறது."

"அப்ப உங்களுக்கும் வளர்ச்சிதான் அண்ணை."

"பகிடி விடாதை. போன சனி சனத்துக்கு எஞ்சினைப் போட்டுக் காட்டினவங்கள். எங்கடை உடம்புக்குப் பிளேன் சத்தமெண்டால் குண்டு ஒண்டுதானே? 'விழுந்து படுங்கோ' எண்டு கத்திக்கொண்டு குப்புற விழுந்திட்டன்."

"சனம்?"

"கை தட்டினது. நடிக்கிறனெண்டு நினைச்சிட்டினம்."

எனக்கும் சிரிப்பு வந்தது. இருமி மறைத்தேன்.

"உங்கடை முதலாளி பத்ரோன் ஏசேல்லையே?"

"இல்லை. இனி ஒவ்வொரு சனியும் விழட்டாம். மாட்டனெண்டால் வேலை இல்லையாம்."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"ஓமெண்டிட்டன். அவர் சொல்லாட்டிலும் சத்தம் கேட்டால் விழத்தானே போறன்."