எலிக்கு என்ன கவல

ஆமாங்க அண்ணி, எம்மவன் முகிலன் மாத்திர சாப்புட்டவந்தான். பைத்திய மாத்திரன்னு உங்க காதுல போட்டது யாரு, மார்க்கெட்டு அல்லியா? சொல்ல வேணாம், வுடுங்க. அவ வாய்க்கு ஒரு மாத்திர இருந்தா நானே வாங்கிக் குடுப்பேன். நீங்க பொண்ணப் பெத்தவங்க, நேர வந்து கேட்டீங்க பாருங்க, அதான் மருவாத. டீ ஆறுது, குடிங்க. எங்க கொழுந்தன் உத்திராபதி, நிச்சயம் முடியிற வரைக்கும் வாயத் தொறக்காதங்கறான். நான் என்னிக்கு வாய மூடியிருக்கேன்?

காதல் தோல்வியாலயா? அட நீங்க வேற. மீன்புடி போட்டு இஞ்சினு ரிப்பேரு பாக்கறவன் மேல அடிக்கிற கிரீஸ் நாத்தத்துக்கு எவ கிட்ட வருவா? உங்க பாரதிப்ரியா சரின்னதே எனக்கு ஆச்சரியம். சுனாமியப்ப பொணம் பொணமாத் தூக்குனான், ஒண்ணும் ஆவல. ரெண்டு வருசம் கழிச்சி, புது வூட்டுக்கு வந்து, தொழிலும் நல்லாப் போறப்ப, ஒருநாளு சொவத்தப் பாத்துப் படுத்தான், எந்திரிக்கல. வஞ்சிரம் வறுத்து வச்சா ஈதான் தின்னுச்சு. போன் அடிச்சாக்கூட நெஞ்சு படபடங்குதுங்கறான். நானும் மந்திரிக்க வச்சேன், தர்காவுல ஓத வச்சேன், வெளக்கமாத்தால ரெண்டு போட்டும் பாத்தேன். ம்ஹூம்.

அப்பறம்தான் டாக்டரம்மாகிட்ட இழுத்துட்டுப் போனேன். அது சொல்லுது, வளந்தவங்களுக்கும் மூளையில ஒரு எடத்துல புதுசு புதுசா செல்லு மொளைக்குமாம். செல்போன் இல்லீங்க, ஒடம்புல இருக்குமே, அது. மனசு ரொம்ப நாளு வதங்குனா அது மொளைக்கிறது கொறஞ்சிருமாம். மாத்திர அத மறுபடி கெளப்புதுன்னு எலிய வச்சிப் பாத்துருக்காங்களாம். மனுசனுக்கு இன்னும் திட்டமாத் தெரியாதாம். ஆனா மாத்திர கேக்க ஒரு மாசம் ஆவுறது அதனாலகூட இருக்கலாம், பொறுத்துக்கங்கன்னுச்சு. நான் சும்மா இருப்பேனா? எலிக்கு என்னம்மா கவல, பொண்டாட்டி ஓடிப்போச்சான்னேன். அந்தம்மா விழுந்து விழுந்து சிரிச்சுது. இவன் சிரிக்கல.

நடக்கவும் சொன்னுச்சு. காலையில கடக்கரையில முன்னால அவன், பின்னால நான், கோழியப் பத்திக்கிட்டுப் போற மாதிரி. பத்து நாளு, பதினஞ்சு நாளு. ஒரு மாத்தமும் காணோம். வாயி வறளுதுங்கறான், தூங்கி வழியறான். இதுல வாசப்படிக்கு வாசப்படி மாத்திரக்காரன் வூடுன்னு பேச்சு வேற.

இப்ப நல்லாருக்கான், அதுல பொய்யில்ல. ஒரு வருசம் முழுசாத் தின்னான், டாக்டரம்மாவே நிறுத்துச்சு. மறுபடி வந்தாலும் வரும்னும் சொல்லியிருக்கு. அதையும் மறைக்கல. வேணாம்னா எந்திரிச்சிப் போங்க, கோவிச்சிக்க மாட்டேன்.

உங்க பொண்ணுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லி வைங்க. நாளைக்கே அவன் மாத்திர சாப்புட்டா, அதுல மட்டும் கை வைக்க வேணாம். அப்ப, மாத்திர ஆரம்பிச்ச பத்தொம்பதாம் நாளு நாந்தான் எடுத்து சாக்கடையில கொட்டுனேன். டாக்டரம்மா போதும்னிருச்சுன்னு அவங்கிட்ட சொன்னேன். நாலாம் நாளு வெடியக்காலம் சட்டையோட கடலுக்குள்ள நடந்துட்டான். தூண்டி போட்டுக்கிட்டிருந்த காதர் பாட்சா பாயிதான் காலரப் புடிச்சி இழுத்துப் போட்டாரு. அப்பறம் மொதல்லேருந்து ஆரம்பிச்சதுதான் அந்த ஒரு வருச மாத்திர.

இல்லீங்க. கொட்டுனது நான்னு அவனுக்கு இன்னும் தெரியாது.