எவர்சில்வர் பட்டை

அட்டையில் வெட்டிய அளவுப்பட்டை ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது சார். மேசைமேல் பொம்மைக் கார் ஓட்டி விளையாடுகிறவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காரின் மூக்கில் பட்டையை வைத்து, அது முடிகிற இடம்வரை காரை நகர்த்த வேண்டும். நேராகப் போக நேர்ப்பட்டை, திரும்புவதற்கு வளைந்த பட்டை. நுனி பிசிறினால் சண்டைதான். நானும் பிசிறை அவ்வப்போது கத்தரித்துத்தான் வைத்திருந்தேன்.

சண்டைக்கு வருகிறவன் என் தங்கை புருஷன். தையல்காரன். அவன் நகர்த்திய காரை என் அட்டையால் சரிபார்த்தால், எப்போதும் ஒரு நூல் கூடுதலாக நிற்கும். கேட்டால், ஆட்டப் பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் பட்டையை நீட்டுவான்.

"பக்கத்துல வெச்சுப் பாத்துடலாமே மச்சான்."

"என் கைவேலையையே சந்தேகப்படுறியா நீ?"

எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. வாரம் முழுக்கப் பட்டறையில் தகடு வெட்டுகிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆட்டத்தையாவது ஒழுங்காக ஆட விடக்கூடாதா? அட்டையை எவர்சில்வர் தகட்டின்மேல் வைத்துக் கோடு போட்டு, ஆளுக்கு ஒரு செட் வெட்டினேன். உப்புத்தாள் போட்டு ஓரங்களை மழுங்கத் தேய்த்தேன். பேரன் காலம்வரை உழைக்கும். இனி இந்த வீட்டில் இதுதான் அளவு என்று சொல்லிவிட்டேன்.

முதல் ஆட்டத்திலேயே அவன் பட்டையைத் தூக்கிப் பார்த்தான். "அளவெடுக்கிறதுதான் மச்சான் என் பொழப்பு. இது குட்டை."

எல்லோரும் சிரித்தார்கள். என் தங்கையும் சிரித்தாள். நான் அவனைக் கள்ளாட்டக்காரன் என்றேன், இனி வீட்டுப்பக்கம் வராதே என்றேன். தங்கை அழுதாள். மறுவாரம் அவனே சமாதானமாக வந்தான். தங்கமான மனுஷன், அதை நான் மறுக்கவில்லை.

காரை நிறுத்தியதும் பட்டையின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்தி வெடுக்கென்று இழுப்பது அவன் பழக்கம். அன்றும் இழுத்தான். எலும்புவரை போய்விட்டது. நரம்பு அறுந்த அந்த விரலால் இனி ஊசி பிடிக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியில் அவன் என்னைத்தான் சமாதானப்படுத்தினான். "தகடுன்னா அப்பிடித்தான் மச்சான், நீங்க என்ன பண்ணுவீங்க."

மற்றவர்களின் பட்டைகளையும் நீங்கள் தடவிப் பார்த்துவிட்டீர்கள். எல்லாம் மழுங்கல். அவனுடையது மட்டும் சவரக்கத்தி. தகடு வேலையில் அப்படித் தானாக அமையாது, அதை நானே ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கள்ளாட்டத்துக்குத் தண்டனையாகச் செய்தேன் என்று வாக்குமூலத்தில் எழுதாதீர்கள். அவன் சமாதானமாக வந்த அன்று காலையே, எங்கள் வீட்டில் விட்டுப்போயிருந்த அவனுடைய பிளாஸ்டிக் பட்டையை என்னுடையதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன். கத்தரித்துக் கத்தரித்து என் அட்டைதான் ஒரு நூல் குறைந்திருந்தது. அத்தனை பேர் முன்னால் நான் எப்படிச் சார் அதைச் சொல்வது? அதற்குப் பிறகுதான் அரத்தைக் கையில் எடுத்தேன்.