இரண்டு என்பதே சரி

நீங்கள் கொண்டுவந்து வைத்த காபியை நான் தொடவில்லை என்பதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தெர்மோகோல் கோப்பையில் நான் எதையும் குடிப்பதில்லை. பல தலைமுறை போனாலும் மக்காத பொருள் அது. பீங்கான் குவளை ஒன்று இருந்தால் போதும், நானே கழுவி வைத்துவிடுவேன். தாளின் இரண்டு பக்கமும் எழுதுகிறேன். படிக்கச் சிரமமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் கெரிட் வீன்ஸ்ட்ரா. வயது ஐம்பத்தெட்டு. மிச்சிகன் ஏரிக்கு ஐந்து மைல் தள்ளிப் பிறந்தேன், இன்னும் அங்கேயேதான் இருக்கிறேன். டச்சு வம்சாவளியினரான எங்களைக் கஞ்சர்கள் என்று சொல்வார்கள். வீணாக்கத் தெரியாதவர்கள் என்பதுதான் சரி. ஜூன் மாதம் ஆமைகள் முட்டையிடச் சாலையைக் கடக்கும். அப்போது நான் வண்டியை நிறுத்தி, பின்விளக்கை மினுக்கவிட்டு, ஆமையைத் தூக்கி அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே கொண்டுபோய் விடுவேன். வந்த பக்கமே திருப்பி விட்டால் மறுபடியும் சாலைக்கு வந்துவிடும். அலுவலகத்தில் இது எல்லோருக்கும் தெரியும், கேலியும் செய்வார்கள். கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

நாங்கள் செய்வது ஒரு சிறிய பெட்டி. காருக்குள் முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு சாலையைப் பார்க்கும். குறுக்கே ஏதாவது இருந்தால் கூவும். ஓட்டுபவர் காதில் போட்டுக்கொள்ளாவிட்டால் தானே பிரேக் பிடிக்கும். அந்தப் பெட்டியின் நெறி, சுற்றுச்சூழல் இரண்டையும் பார்க்கும் குழுவுக்கு ஆறு வருடமாக நான் தலைவர். ஐந்து பேர் குழு. ஐந்து கையெழுத்தும் விழுந்தால்தான் பெட்டி தொழிற்சாலைக்குப் போகும்.

எங்களைப் படாத பாடு படுத்தியவை அஞ்சல் பெட்டிகள். எங்கள் கிராமப்புறச் சாலைகளில் வீட்டுக்கு ஒன்று, சாலை ஓரத்திலேயே கம்பத்தில் நிற்கும் அல்லவா, அவைதான். ஒவ்வொன்றையும் ஆள் என்று நினைத்து எங்கள் பெட்டி கூவியது. முன்னோட்டத்துக்கு வாங்கிப்போன ஒரு விவசாயி மூன்றாம் நாளே ஒலிக்குழாய் மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டிவிட்டார். இன்னொருவர் ஒயரையே நறுக்கிவிட்டார். கூவிக்கொண்டே இருக்கும் பெட்டியை யாரும் நம்ப மாட்டார்கள், நம்பாத பெட்டியால் பயனும் இல்லை.

இரண்டு வழி இருந்தது. உடல் சூட்டைப் பார்க்கும் இன்னொரு கண்ணைப் பொருத்துவது ஒன்று. அந்தக் கண்ணுக்கு ஜெர்மேனியம் வேண்டும், அதற்காக எங்கோ ஒரு மலையைக் குடைய வேண்டும். நான்கு வாட் மின்சாரம் கூடுதலாகப் போகும். இருபது லட்சம் கார்களில் அந்த நான்கு வாட் எத்தனை பீப்பாய் எண்ணெயாகும் என்று நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இரண்டு இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மனிதர்களுக்காகப் பேச எங்கள் கட்டடத்தில் முன்னூறு பேர் இருந்தார்கள். மண்ணுக்காகப் பேச நான் ஒருவன்தான்.

இன்னொரு வழி என்னுடையது. புதிதாக எதுவும் பொருத்த வேண்டாம். ஒரே இடத்தில், ஒரே மாதிரி, அசையாமல் நிற்கும் ஒன்றைப் பெட்டி மூன்று முறை பார்த்துவிட்டால், அது கம்பம் என்று முடிவுகட்டி அடுத்த முறை சும்மா இருந்துவிடும். அவ்வளவுதான். சாலை அமைதியாகிவிட்டது. நிறுவனம் எனக்கு இலை பொறித்த ஒரு மரப்பலகை பரிசளித்தது. பழைய களஞ்சியத்து மரத்தில் செய்தது.

இனி மார்லா டெக்கரைப் பற்றி எழுத வேண்டும்.

பதினொரு வருடமாக எங்கள் சோதனைப் பிரிவில் இருந்தாள், குழுவின் ஐந்து பேரில் ஒருத்தி. வலிப்பு வரும் என்பதால் அவளுக்கு ஓட்டுநர் உரிமம் கிடையாது. அவளுடைய சாலைவழியாக வரும் சக ஊழியை ஒருத்தி காலை ஏழு இருபதுக்கு வந்து அவளை ஏற்றிக்கொள்வாள். மார்லா ஏழு பத்துக்கே வந்து தன் வீட்டு அஞ்சல் பெட்டி அருகே நிற்பாள். யாரையும் காக்கவைக்கக் கூடாது என்பது அவளுடைய குணம். வண்டி ஓட்டத் தெரியாதவள் வண்டிக் கருவியைச் சோதிக்கிறாளே என்று நாங்கள் சீண்டுவோம். "ஓட்டுறவனுக்குத் தெரியாதது எதிர்ல நிக்கிறவளுக்குத்தான் தெரியும்" என்பாள். நல்ல வேலைக்காரி. நான் அவளை ஒருபோதும் குறைத்துப் பேசியதில்லை.

எங்கள் தொழிலில் ஒவ்வோர் ஆபத்துக்கும் மூன்று எண் போடுவோம். நடந்தால் எவ்வளவு மோசம், எத்தனை முறை நடக்கும், முன்கூட்டியே கண்ணில் படுவது எவ்வளவு கடினம். மூன்றையும் பெருக்குவோம். நூற்றைத் தாண்டினால் வடிவமைப்பை மாற்ற வேண்டும், நூறாகவே நின்றால் மாற்ற வேண்டாம். ஆள் ஒருவரைப் பெட்டி கம்பம் என்று நினைத்துவிட்டால் என்ற கேள்விக்கு, சாவு என்பதால் பத்து. கண்ணில் படுவதற்கு ஐந்து. எத்தனை முறை என்பதற்கு நான் இரண்டு போட்டேன். பெருக்கினால் சரியாக நூறு.

குழுக் கூட்டத்தில் மார்லா மூன்று என்றாள். அப்படியானால் நூற்றைம்பது. இரண்டாவது கண், ஜெர்மேனியம், மலை எல்லாம் திரும்ப வந்து நிற்கும்.

நான் பொறுமையாகவே கேட்டேன். தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், சாலை ஓரத்தில் ஆடாமல் அசையாமல் நிற்கிற ஆள் யார் இருக்கிறார்கள் என்று.

"நான் நிக்கிறேனே" என்றாள். "பள்ளிக்கூட பஸ்ஸுக்குப் பிள்ளைங்க நிக்குதே. அதுங்களும் கம்பமா?"

பிள்ளைகள் ஒருநாளும் அசையாமல் நிற்காது என்று சொன்னேன். எங்கள் தேவாலயத்தில் பிரசங்கத்தின்போது பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பது போல ஒரு பெப்பர்மின்ட் மிட்டாயை எடுத்து அவள் பக்கம் தள்ளினேன். அவள் அதை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

"கெரிட், நீங்க ஆமைக்கு பிரேக் போடுற ஆளு. நான் ஓடு மாட்டிக்கிட்டு நின்னா எனக்கும் நிப்பாட்டுவீங்களோ என்னவோ" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அறையில் ஆறு பேர் இருந்தோம். என்னைத் தவிர ஐந்து பேர் சிரித்தார்கள், குறிப்பெடுக்க வந்திருந்த பெண் உட்பட. எனக்குக் கோபம் வரவில்லை. அதற்கு முந்தைய வாரம்கூட அவளை மருத்துவரிடம் நான்தான் அழைத்துப்போனேன், வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளுங்கள். சிரிப்பு அடங்கியதும் அவள் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடி கூடுவது என்று முடிவாயிற்று. அதற்குள் சோதனை செய்து பார்த்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அதில் என்ன குற்றம் இருக்கிறது?

அந்த வாரம் சோதனை வண்டியின் வழி மாறியது. ஏரிக்கரைச் சாலைக்குப் பதிலாக மார்லாவின் வீட்டுச் சாலை, காலை ஏழேகால். நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன்: மாற்றியது நான். வண்டியை எங்கள் சோதனை ஓட்டுநர் ட்ராவிஸ் ஓட்டினான், பக்கத்து இருக்கையில் நான். சோதனை விதிப்படி பெட்டி கூவும்வரை ஓட்டுபவர் பிரேக்கைத் தொடக் கூடாது. அவசரத்துக்குப் பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் உண்டு.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் பெட்டி கூவியது. ஜனவரி மாதத்து ஏழேகால் என்றால் எங்கள் பக்கம் இருட்டுதான். ஏரிப் பனி வேறு. மார்லா பச்சைக் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக, கையில் காபிக் குடுவையோடு நிற்பாள். வண்டியை அடையாளம் கண்டு கையை உயர்த்துவாள். ட்ராவிஸ் விளக்கை ஒருமுறை சிமிட்டுவான். எந்த வழியில் ஓட்டுகிறோம் என்று அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை. இருந்தும் மூன்றாம் நாள் மதியம் என் மேசைக்கு வந்து, "என்னைக் கம்பமாக்கப் பாக்குறீங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள். சோதனைதானே என்றேன். "சரி, நான் ஆடாம நிக்கிறேன். ஒழுங்கா பாருங்க" என்றாள். ஆகவே அவளுக்கு எல்லாம் தெரிந்தே நடந்தது என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமை ட்ராவிஸ் விடுப்பில் இருந்தான். விடுப்புக் கொடுத்ததும் நான்தான். மகளின் பனிச்சறுக்குப் போட்டி என்று முன்பே சொல்லியிருந்தான், பாவம். நான் தனியாக ஓட்டினேன். அது விதிமீறல், ஒத்துக்கொள்கிறேன்.

மணி ஏழு பதினாறு. நாற்பத்தைந்து மைல் வேகம். அவள் வழக்கம்போல சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் இரண்டடி தள்ளி நின்றாள். சொன்ன சொல் தவறாமல் அசையாமல் நின்றாள், கையை மட்டும் உயர்த்தினாள். வண்டி கோட்டுக்கு உள்ளேயே நேராகப் போனால் அது சோதனை ஆகாது. எதிரே ஆள் இருந்தால்தானே பெட்டிக்கு வேலை. அதனால் ஸ்டியரிங் சக்கரத்தை வலப்பக்கம் கொஞ்சம் ஒடித்தேன். பெட்டி கூவவில்லை. நான் விதிப்படி பிரேக்கைத் தொடவில்லை. கடைசி நொடியில் அவள் நகர்ந்திருக்கலாம். இடப்பக்கம் அஞ்சல் பெட்டி, பின்னால் பனி ஒதுக்கிய மேடு. இருந்தாலும் முயன்றிருக்கலாம்.

வழுக்கிவிட்டது என்று முதலில் உங்கள் போலீஸ்காரர்களிடம் சொன்னேன். அவர்கள் நம்பினார்கள். எங்கள் பக்கம் பனியில் வண்டி வழுக்காத வாரம் உண்டா?

நேற்று நீங்கள் மேசைமேல் வைத்த தாளைப் பற்றியும் எழுதச் சொன்னீர்கள். வியாழக்கிழமைச் சோதனைக் குறிப்புத் தாள். ட்ராவிஸின் கையெழுத்து. "ஆள் நின்றார். பெட்டி கூவவில்லை. பக்கத்து பிரேக் தேவைப்படவில்லை, வண்டி கோட்டுக்குள் இருந்தது." உண்மைதான். வியாழக்கிழமையே பெட்டி அவளைக் கம்பம் என்று முடிவுகட்டிவிட்டது. "பாஸ், மார்லாவுக்கு இன்னிக்கு அது வாயே திறக்கல. அவங்க சொன்னது சரிதான் போல" என்று ட்ராவிஸ் வண்டியிலேயே சொன்னான். அந்தத் தாளை நான் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் அவனுக்கு விடுப்புக் கொடுத்தேன்.

வியாழக்கிழமையே விடை கிடைத்துவிட்டதே, வெள்ளிக்கிழமை எதற்குப் போனீர்கள் என்று நீங்கள் நான்கு முறை கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். அந்தத் தாளோடு பத்து மணிக்கு அறைக்குள் போனால் அவள் மூன்று என்பாள். எல்லோரும் அவள் பக்கம் திரும்புவார்கள். அவள் என்னைப் பார்த்து எதுவும் சொல்லக்கூட வேண்டாம். மறுபடி அந்த ஐந்து பேரும் சிரிப்பார்கள். எல்லாம் ஒரு மலைக்காகத்தான் என்பது போல முதல் தாளில் எழுதியிருக்கிறேன். அதை அடிக்க மாட்டேன். ஆனால் சக்கரத்தை ஒடித்த நேரத்தில் எனக்கு மலை நினைவுக்கு வரவில்லை. ஆமை என்றாளே, அதுதான் வந்தது.

உங்கள் ஆட்கள் ஒன்பது மணிக்கு என்னை விட்டார்கள். வாடகை வண்டி பிடித்துப் பத்து இருபதுக்கு அலுவலகம் போனேன். எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள், மிட்டாய் கொடுத்தேன். உறுப்பினர் ஒருவர் வர முடியாமல் போனால் தலைவர் அவருக்காகக் கையெழுத்திடலாம் என்று குழுவின் விதியில் இருக்கிறது. பிரசவ விடுப்பில் போகிறவர்களுக்காக ஆறு வருடத்துக்கு முன் நானே எழுதிய விதி. மார்லா டெக்கரின் பெயருக்கு எதிரே நான் கையெழுத்திட்டேன். எண் இரண்டு.

மார்லாவை நான்தான் கொன்றேன். தெரிந்தே, வேண்டுமென்றே கொன்றேன். இதற்குக் கீழே எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். நான் உள்ளே போன பிறகு குழு அந்த எண்ணை மறுபடி எடுத்துப் பார்க்கும். மூன்று என்று மாற்றிவிடுவார்கள், எனக்குத் தெரியும். தயவுசெய்து இந்தத் தாளை அவர்களிடம் காட்டுங்கள். தினமும் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் ஆள் யார் என்று நான் கேட்டதற்கு, அவள் தன்னைத்தான் முதலில் காட்டினாள். இப்போது அந்த இடத்தில் யாரும் நிற்பதில்லை. நியாயமாகப் பார்த்தால் அந்த எண்ணை ஒன்றாகவே குறைக்கலாம்.