ஒரே ஒருவருக்கு எடுத்த விழா

ஒடாஹுஹு நிலையத்தில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் இருக்கையில் அமர்ந்தார்கள். மூத்தவர் ஒரு பல்கலைக்கழகத்தின் நர்சிங் துறையில் வேலை செய்பவர். யாழ்ப்பாணத் தமிழில் சொன்னார்:

“நேற்று என்னை ஆப்பிரிக்காக்காரி ஆக்கிப் போட்டினம்.”

“என்னக்கா சொல்றீங்க?” என்றாள் தமிழ்நாட்டுத் தோழி.

“கறுப்பினப் பணியாளரைக் கொண்டாடுற விழா. எங்களிட்ட இருக்கிறது கானாவில இருந்து வந்த விரிவுரையாளர் அபேனா ஒராள்தான். படத்துக்கு ஆள் காணாதெண்டு துறைத் தலைவி என்னையும் பக்கத்தில நிக்கச் சொன்னா. நான் இலங்கை எண்டன். ‘படத்தில அது தெரியாது’ எண்டா.”

“அபேனா ஒண்ணும் சொல்லலையா?”

“மைக்கைக் குடுத்தவுடன சொன்னவா: ‘எட்டு வருஷமா, வருஷத்துக்கொரு ஒப்பந்தத்தில படிப்பிக்கிறன். கேக் வேண்டாம், வேலையை நிரந்தரமாக்குங்கோ.’”

“ஐயோ! அப்புறம்?”

“எல்லாரும் எழும்பி நிண்டு கை தட்டிச்சினம். தலைவிக்குக் கண்ணும் கலங்கிட்டுது.”

“அப்போ நிரந்தரம் ஆக்கிட்டாங்களா?”

“இல்லை. பேச்சு நல்லாயிருந்ததாம். அடுத்த வருஷ விழாவிலயும் பேசச் சொல்லித் தலைவி கேட்டா.”

“அதுக்கு அபேனா என்ன சொன்னாங்க?”

“‘அடுத்த வருஷம் நான் இங்க இருப்பனோ எண்டு நீங்கள்தானே சொல்லோணும்’ எண்டவா.”