கிழக்கு மூலைப் புல்

கோரையைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் மேலே இருக்கிற இலை மட்டும் கையோடு வரும். கிழங்கு மண்ணுக்குள் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு, பத்தாம் நாள் ஒன்றுக்கு மூன்றாக எட்டிப் பார்க்கும். வீட்டு வாசலில் லான் வைத்திருப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். எனக்கு இது தெரிய இரண்டு வருடம் ஆயிற்று.

என் பெயர் திருமலைசாமி. பக்கத்து வீட்டு ஆல்வின் சார் போன ஆடி மாதம் இறந்துபோனதைப் பற்றி எழுதித் தர வந்திருக்கிறேன். போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் சுப்பண்ணன், "வாயில சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்" என்றார். நான்தான் தாளும் பேனாவும் கேட்டு வாங்கினேன். முப்பத்தோரு வருடம் மில்லில் இருந்தவன், கடைசி பத்து வருடம் ஸ்பின்னிங் மாஸ்டர். எந்த ரிப்போர்ட்டையும் முதலிலிருந்து வரிசையாக எழுதித்தான் பழக்கம். முடிக்கும்வரை யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சரியென்று டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறார். மரியாதை தெரிந்த மனிதர். எழுத உட்கார்ந்தபோது சுவர்க் கடிகாரத்தில் மணி ஆறு ஐந்து.

தொண்ணூற்று மூன்றில் ரிட்டயர் ஆனதும் போத்தனூரில் இந்த லேஅவுட்டில் வீடு கட்டினேன். மனையில் பாதியை வாசலுக்கு விட்டேன். மில்லில் மானேஜர் பங்களாவுக்கு முன்னால் ஒரு லான் இருந்தது. அதை ஓரமாகச் சுற்றித்தான் நாங்கள் ஆபீசுக்குப் போவோம், ஒரு நாளும் கால் வைத்ததில்லை. அந்த மாதிரி எனக்கென்று ஒன்று வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. நம் வெயிலுக்கு அருகுதான் தாக்குப் பிடிக்கும் என்றார்கள். அருகம்புல்லே நட்டேன். கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்த பொங்கியண்ணன் மாமா பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார்.

"ஏனுங்க மாப்ள, வருசம் முச்சூடும் இந்த அருகைப் புடுங்கி எறியறதுக்கு நாங்க ஆள் உடறோம். நீங்க ஆளு வெச்சு நட்டுத் தண்ணியும் உடறீங்களே?"

சிரித்து வைத்தேன். மற்றவர்களுக்கு அதன் பாடு தெரியாது. நல்ல தண்ணீர் ஆறு நாளைக்கு ஒருமுறை வரும். போர் தண்ணீர் உப்பு, ஊற்றினால் நுனி கருகும். தெருநாய் நின்ற இடம் வட்டமாகப் பழுக்கும். பேப்பர் போடுகிறவன் சைக்கிளை லானிலேயே சாய்ப்பான். வாரத்துக்கு இரண்டு நாள் தள்ளு மெஷினால் வெட்டி, கத்தரியால் ஓரம் பிடித்து, குனிந்து குனிந்து என் இடுப்பு போயிற்று. என் மனைவி ராசாத்தாள், "பெத்த புள்ளையக்கூட நீங்க இப்படிப் பார்த்ததில்லீங்க" என்பாள். உண்மைதான்.

எங்களுக்கு அடுத்த வருடம் ஆல்வின் சார் குடி வந்தார். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். மனைவி மெர்சி, ஒரே மகள் கிருபா. நல்ல குடும்பம், சத்தம் கிடையாது. கோரை விஷயத்தை எனக்குச் சொன்னவர் அவர்தான். ஒரு நாள் நான் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "புடுங்காதீங்க சார், கெழங்கோட தோண்டோணுங்க" என்றார். சொன்னதோடு விடாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, மூன்று நாள் கிழக்கு மூலை முழுவதையும் சின்னக் கடப்பாறையால் கிளறி ஒரு கூடைக் கிழங்கு எடுத்துக் கொடுத்தார். அந்த மூலையில் அப்புறம் கோரை வரவே இல்லை. லானிலேயே நன்றாக இருந்த இடம் அதுதான். வருகிறவர்கள் அதைத்தான் பாராட்டுவார்கள்.

நான் வித்தியாசம் பார்க்கிறவன் அல்ல. இதைச் சொல்லிவிட வேண்டும். வேலை முடிந்ததும் இருவரும் வராந்தாவில் உட்கார்ந்து காபி சாப்பிடுவோம். அவருக்கென்று ஒரு டம்ளர் தனியாகவே இருந்தது. சர்க்கரை போடாத காபி என்பதால் அப்படி.

தொண்ணூற்றாறு சித்திரையில் ஒரு காலை, கையில் எவர்சில்வர் கிண்ணத்தோடு கேட்டுக்கு வெளியே நின்றார்.

"ஏனுங்க சார், மாத்திரை போட்டும் சுகரு எறங்க மாட்டேங்குது. கிருபாவுக்கு ஒரு கல்யாணத்தப் பண்ணிப் பாக்கற வரைக்குமாவது உடம்பு நிக்கோணும். அருகம்புல் சாறு வெறும் வயித்துல நல்லதுன்னு வாக்கிங் வர்றவங்க எல்லாஞ் சொல்றாங்க. ரோட்டோரத்துப் புல்லு நாய் நின்ன எடமுங்க. உங்க லான்ல ஒரு கைப்பிடி பறிச்சுக்கட்டுங்களா?"

"அதுக்கென்னங்க சார், உங்களுக்கில்லாத புல்லா? தாராளமாப் பறிச்சுக்குங்க" என்றேன்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல வராது. அதிலும் எனக்குச் சுத்தமாக வராது. மில்லில்கூட யாருக்கும் லீவு இல்லை என்று நான் சொன்னதில்லை, பிறகு பார்க்கலாம் என்றுதான் சொல்வேன். ஒரு கைப்பிடி என்றார். தினமும் ஒரு கைப்பிடி. அதுவும் கிழக்கு மூலையில், அவர் கிளறிக் கொடுத்த இடத்திலேயே, இளம் நுனியாகப் பார்த்து. ஒரு மாதத்தில் அங்கே சொட்டை விழுந்துவிட்டது. ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "புல்லு கொஞ்சம் எளைச்ச மாதிரி இருக்குதுங்களே" என்றேன். "ஆமாங்க சார், தண்ணி பத்தலீங்க" என்று தன் வீட்டுத் தொட்டியிலிருந்து இரண்டு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். அப்படிப்பட்டவரிடம் என்ன சொல்வது?

ஒரு நாள் பறித்துக்கொண்டே பேசினார். "எங்கப்பன் கோபிப் பக்கம் ஒரு பண்ணையத்துல ஆளா இருந்தாருங்க. நானும் பள்ளிக்கொடம் போறதுக்கு முன்னால ஒரு கட்டுப் புல்லு அறுத்துப் போட்டுட்டுத்தான் போவனுங்க. இன்னைக்குப் பாருங்க சார், அதே புல்லு, நானே குடிக்கறதுக்குப் பறிக்கறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். எங்கள் ஊரும் அந்தப் பக்கம்தான், எங்களுக்கும் அங்கே பண்ணையம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அவருக்குச் சங்கடமாக இருக்கும். அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபம்தான், மறைக்க என்ன இருக்கிறது. சொட்டை விழுந்த கோபம் அது, வேறொன்றுமில்லை.

ஆடியில் வேர்ப்புழு வந்தது. லானின் மேற்குப் பக்கம் மஞ்சளடித்தது. புல்லைப் பிடித்து இழுத்தால் பாயைப் போலச் சுருண்டு வந்தது, அடியில் வெள்ளை வெள்ளையாகப் புழு. ஊரில் வாழைக்குப் போடுகிற குருணை மருந்து இதற்குக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். கடுமையான மருந்து. மூன்று நான்கு நாளில் வேர் வழியாக ஏறி இலை வரைக்கும் விஷமாக்கிவிடும். எங்கள் தோட்டத்தில் அதைப் போட்டால் வரப்பில் வேப்பங்கொத்து நட்டு வைப்பார்கள். புல் அறுக்க வருகிறவர்கள் கொத்தைப் பார்த்தால் அந்தப் பக்கம் வர மாட்டார்கள். ஒருமுறை காற்றில் கொத்து சாய்ந்து, ஒருத்தி அறுத்துக்கொண்டு போன புல்லில் அவளுடைய இரண்டு ஆடுகள் செத்தன. கொத்து விழுந்ததைப் பார்த்து நட்டு வைக்கக்கூடத் தெரியாதா என்று அப்பா அவளைத்தான் திட்டினார்.

லானில் மருந்து போட்ட அன்று நானும் ஒரு வேப்பங்கொத்து ஒடித்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கையில் வைத்துக்கொண்டு கிழக்கு மூலையில் கொஞ்ச நேரம் நின்றேன். அந்தக் கொத்து புல் அறுக்க வருகிற ஆட்களுக்காக நடுவது. ஆல்வின் சார் ஒரு ஹெட்மாஸ்டர். அவர் வருகிற இடத்தில் அதை நட்டால் என்ன நினைப்பார்? பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரியும். புரிந்துவிடுமே என்றுதான் எனக்குத் தயக்கம். அவரைப் புல் அறுக்க வருகிறவர் போல நடத்த எனக்கு மனம் வரவில்லை. கொத்தைக் குப்பையில் போட்டுவிட்டேன்.

கிழக்கு மூலையில் புழு இல்லை. இருந்தாலும் வரக்கூடும் என்று அங்கே சற்றுக் கூடுதலாகவே போட்டேன். பிறகு வாடை போகும்படி நன்றாகத் தண்ணீர் விட்டேன்.

நாலாம் நாள் காலை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பறித்துவிட்டுத் தலையைத் தூக்கி, "புல்லு நல்லாத் தெளிஞ்சிருச்சுங்க சார்" என்றார். "எல்லாம் உங்க கை ராசிங்க" என்றேன். ஒரு மணி நேரத்தில் மெர்சியம்மா ஓடி வந்தார். வாந்தி, உடம்பெல்லாம் வியர்வை, பேச்சு குழறுகிறது என்றார். சர்க்கரை இறங்கிப்போய்விட்டது என்று நினைத்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என் காரில்தான் ஏற்றிக்கொண்டு போனேன். கிருபா பின் சீட்டில் அவர் தலையை மடியில் வைத்திருந்தாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. பாலக்காட்டு வண்டி போகும்வரை நின்றோம். பெட்ரோல் வீணாகுமே என்று எஞ்சினை அணைத்தேன். அவர் கண்ணைத் திறந்து முன் சீட்டில் இருந்த என்னைப் பார்த்து, "உங்களுக்குத்தான் செரமமுங்க சார்" என்றார். அதற்கப்புறம் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். "ஒண்ணுமே சாப்பிடலீங்க டாக்டர், அருகம்புல் சாறு மட்டுந்தானுங்க" என்றார் மெர்சியம்மா. டாக்டர் தலையாட்டிக்கொண்டார். அது உடம்புக்கு நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். சர்க்கரைக்காரர், வயது அறுபத்திரண்டு, இதயம் நின்றுவிட்டது என்று எழுதினார்கள். நான் பக்கத்திலேயேதான் நின்றேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அடக்கம் முடிந்து வந்த அன்று ராசாத்தாள் கேட்டாள். "ஏனுங்க, மருந்து போட்டத அவுங்ககிட்டச் சொன்னீங்களா?" சொன்னேன் என்றேன். அதற்குப் பிறகு அவள் லானில் கால் வைக்கவில்லை. தை பிறந்ததும் கோபிக்கு அண்ணன் வீட்டுக்குப் போனவள் இன்னும் வரவில்லை.

புழு அடியோடு போயிற்று. சொட்டையும் மூடிக்கொண்டது. கார்த்திகை, மார்கழியில் என் லான் இருந்த இருப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மாசியில் ஒரு காலை, கேட்டுக்கு வெளியே கிருபா நின்றாள். கையில் அதே எவர்சில்வர் கிண்ணம்.

"அங்கிள், அம்மாளுக்கும் சுகர்னு சொல்லிப்போட்டாங்க. அப்பா பறிச்ச எடத்துலயே கொஞ்சம் பறிச்சுக்கட்டுங்களா?"

"அதுக்கென்ன கண்ணு, தாராளமாப் பறிச்சுக்கோ" என்றேன். தகப்பனை இழந்த பிள்ளையிடம் வேறென்ன சொல்ல முடியும்? மாசியிலும் பங்குனியிலும் அவள் பறித்ததில் எந்தக் கெடுதலும் இல்லை, மருந்தின் வீரியம் எப்போதோ போய்விட்டது. சொட்டை மட்டும் திரும்ப விழுந்தது. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பத்து நாளுக்கு முன் பெய்த கோடை மழையில் புழு மறுபடியும் வந்துவிட்டது. பாதிப் பை குருணை மீதி இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை கிருபா பறித்துக்கொண்டு போன பிறகு போட்டேன், கிழக்கு மூலை உட்பட. வேப்பமரத்தைப் பார்த்தேன், இந்த முறை கொத்து ஒடிக்கவில்லை. புதன், வியாழன், வெள்ளி கிருபாவுக்கு ஈரோட்டில் ஏதோ பரீட்சை, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். நேற்று சாயங்காலம் திரும்பிவிட்டார்கள். இன்று காலை அவள் வருவாள் என்று தெரியும். அவளிடம் சொல்ல எனக்கு வாய் வராது என்பதும் தெரியும். அதனால்தான் சட்டையைப் போட்டுக்கொண்டு உங்களிடம் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். கேட்டைத் திறக்கும்போது எதிரிலேயே நின்றாள்.

"வாக்கிங் போறீங்களா அங்கிள்?" என்றாள்.

"ஆமா கண்ணு" என்றேன். அவள் உள்ளே போக வசதியாகக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டேன், எதையும் மறைக்கவில்லை. எனக்கு யார் மேலும் பகை கிடையாது. யாரிடமும் இதுவரை ஒரு கடிந்த சொல் பேசியதில்லை. லேஅவுட்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

இப்போது மணி ஏழு இருபது. கிருபா ஏழு மணிக்கு மிக்ஸியில் அரைப்பாள். அம்மாவுக்கு ஒரு டம்ளர், துணைக்கு அவளும் அரை டம்ளர் குடிப்பாள். இந்தத் தாளை ரைட்டரிடம் கொடுத்ததும் யாராவது சைக்கிளில் போய் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம், பக்கம்தான். தன்மையாகச் சொல்லச் சொல்லுங்கள். பறிக்க வேண்டாம் என்று நான் சொன்னதாக மட்டும் சொல்ல வேண்டாம்.