நண்டு தின்ற கொழுந்தனார்

"என் நண்டைத் தின்னுட்டு, பொண்டாட்டியோட அக்கா மகனுக்கு வேலை வாங்கிக் குடுத்திருக்கார்!"

அபர்டீன் பஜாரிலிருந்து சிப்பிகாட் போகும் டவுன் பஸ்ஸில் முன் இருக்கையிலிருந்து இந்தக் குரல் வந்தது. சொன்ன அம்மாளின் மடியில் ஒரு மூடிய கூடை. பக்கத்தில் அவளுக்குத் தெரிந்த இளம்பெண்.

"யாரு அக்கா?"

"என் கொழுந்தனார்தான். மாயாபந்தர்லேருந்து மாசாமாசம் உயிர் நண்டு கட்டிக் கொண்டாந்து குடுத்தேன். என் பெரியவனுக்காக ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லுங்கன்னேன். 'தேகேங்கே, பாக்கலாம் அண்ணி'ன்னார். கடைசியில வேலைக்கு உள்ள போனது அந்த அக்கா மகன்!"

"டெய்லி வேஜ்தானேக்கா?"

"இருந்தா என்ன? சர்க்காரி ஆபீஸ்! போன வாரம் கல்யாணத்துக்குக்கூட ஐடி கார்டைக் கழுத்துல மாட்டிக்கிட்டு வந்தான். கார்டு திரும்பிக்கிட்டா, போட்டோ தெரியற மாதிரி அவன் அம்மா திருப்பி விடறா. எனக்குப் பந்தியில சோறு இறங்கல."

"அவங்களும் நண்டு குடுத்தாங்களா?"

"அவளா? என் நண்டுலதான் அவளுக்கும் பங்கு போயிருக்கு! அவ தங்கச்சி, அதான் கொழுந்தனார் பொண்டாட்டி, டப்பாவுல போட்டு அனுப்பியிருக்கா."

"அப்ப அந்த வீட்டுப் படியையே இனி மிதிக்காதீங்க."

கூடைக்குள் ஏதோ கரகரவென்று கீறியது. இளம்பெண் குனிந்து பார்த்தாள்.

அந்த அம்மாள் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"சின்னவன் இருக்கானே. ஆனா இந்தத் தடவை நானே குழம்பு வெச்சு, அவர் தின்னு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருப்பேன்."