இல்லாத கட்டம்

— முந்தாநாள் மாப்பிள்ளை பதிவுல ராசி இல்லேன்னுச்சு. நேத்து உயரம் இல்லேன்னுச்சு. இன்னைக்குப் படிப்பு இல்லேங்குது. உங்க புரோகிராம் தவணை முறையிலதான் பிழை சொல்லுமா டோனி?

— ஒரு பிழையப் பார்த்ததும் அங்கனயே நின்னுரும் சுந்தரி. அப்படித்தான் எழுதியிருக்கேன். சரியா எழுதினேனான்னு இப்பத்தான் சந்தேகமா இருக்கு.

— அதுக்குள்ளயா? சீக்கிரம்தான். ஒண்ணு இல்லேன்னு வந்ததும் அப்பச்சி தேவகோட்டையில மாப்பிள்ளை வீட்டுக்கு ஓடிப்போயி அந்த ஒண்ணக் கேட்டு வாங்கியாந்துருறாக. நாளைக்குக் காலையில மாப்பிள்ளை வீட்டுக்காரவுக வாராக. அப்பச்சி பெத்த மக நான்தான் பொண்ணு. ஞாபகம் இருக்கா?

— இருக்கு. கம்ப்யூட்டர் வேணாம்னு சொன்னா உங்க அப்பச்சி கேப்பாகன்னு நீங்கதான சொன்னீக.

— கேப்பாக. காரைக்குடியில அவுக மையத்தத் தவிர வேற எந்தக் கல்யாணத் தகவல் மையத்துலயும் இல்லாத பெட்டி. அது பேச்சைத் தட்டுனா அவுகளுக்குத்தான் கௌரவக் குறைச்சல். அந்த மாப்பிள்ளை பெத்தாச்சியோட குறையெல்லாம் மொத்தமா கொட்டுச்சுன்னா, இத்தனை குறையான்னு விட்டுருவாக. இது என்னடான்னா சொட்டுச் சொட்டா விடுது.

— காரணத்தச் சொல்லிடறேன். புரோகிராம்ல ராசியப் பார்க்கிற துண்டு, ஃபங்ஷன்னு சொல்லுவோம், அது தன் விடைய உயரத்தப் பார்க்கிற ஃபங்ஷன்கிட்டக் கொடுக்கும். அது படிப்பப் பார்க்கிறதுகிட்டக் கொடுக்கும். நடுவுல ஒண்ணு விழுந்தா, அடுத்ததுக்குக் கொடுக்க ஒண்ணும் இருக்காது.

— ராசி தெரிஞ்சாத்தான் உயரத்த அளக்க முடியுமா? மேஷ ராசின்னா நிமிந்து நிப்பானோ?

— இல்ல... ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல. அப்புறம் ஏன் கோத்தேன்? சாயங்கால வகுப்புல அப்படிக் கோத்துக் காட்டுனாக, நானும் கோத்துட்டேன். தனித்தனியா பார்க்க விட்டுருக்கணும். ஒவ்வொண்ணும் தன் பிழைய ஒரு பட்டியலா தரணும், கடைசில எல்லாத்தையும் ஒட்டணும். பட்டியல் காலியா இருந்தாத்தான் பொருத்தம்.

— ரொம்ப சந்தோஷம். எனக்குத் தாலி கட்டி முடிச்சப்புறம் இது தோணியிருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும். மாத்துங்க.

— மாத்திட்டேன். மொத்தப் பதிவையும் ஓட்டிப் பார்க்கவா? எதுக்கும் ஒரு தடவை.

— ஓட்டுங்க... இது என்ன? எங்க பெரியப்பச்சி மகனுக்கும் எனக்கும் ஏகப் பொருத்தம்னு மேல வந்து நிக்குது?

— கோயில்ங்கிற இடத்துல ரெண்டு பேருக்கும் நேமம்னு இருக்கு. ஒரே கோயில்னா பத்து மார்க் கூடப் போட்டிருக்கேன்.

— எதுக்குப் போட்டீக?

— எங்க கிறிஸ்தவங்கள்ல ஒரே கோயில்னா ரொம்ப வசதி சுந்தரி. கல்யாண அறிவிப்பு ஓலைய ஒரே சாமியாரே பூசையில வாசிச்சிருவாரு, ரெண்டு ஊருக்கு அலைய வேணாம்.

— எங்கள்ல ஒரே கோயில்னா ஒரே வம்சம், பங்காளி. அவன் எனக்கு அண்ணன். நல்ல வேளை, அப்பச்சி கண்ணுல படல. பட்டிருந்தா பெட்டிய ஊருணியில எறிஞ்சிட்டு உங்களையும் கூட எறிஞ்சிருப்பாக.

— ஐயோ. அந்த வரிய எடுத்துட்டேன். ஒரே கோயில்னா இனிமே பிழை. இன்னொரு சந்தேகம். ஒருத்தர் கோயில்ங்கிற இடத்துல திருக்கோஷ்டியூர்னு எழுதியிருக்காரு. அது சரியா?

— அது சாமி கும்பிடப் போற கோயில். இங்க கேக்கிறது எங்க வம்சங்களுக்குன்னு உள்ள ஒன்பது கோயில்ல எதுன்னு.

— அப்ப எழுத்தா வாங்குனதே தப்பு. ஒன்பது கோயில் பேர மட்டும் வச்சு, அதுல ஒண்ணத் தேர்ந்தெடுக்கிற மாதிரி செஞ்சுருறேன். பத்தாவதா ஒண்ண உள்ள கொண்டு வரவே முடியாது. ஆச்சு. இப்ப உங்க பதிவையும் பெத்தாச்சி பதிவையும் கொடுக்கிறேன்.

— எத்தனை வந்துச்சு? பத்தா, இருபதா?

— ஒண்ணு. படிப்பு எழுதல. அவ்வளவுதான்.

— அவ்வளவுதானா? போன பங்குனியில நேர்ல பார்த்தேன் டோனி. அரை மணி நேரம் அவரு வாட்ச்சைப் பத்தியே பேசுனாரு. அது வரலியா?

— பதிவுல அதுக்குக் கட்டம் இல்லியே. இருக்கிற கட்டத்தத்தான் சரிபார்க்க முடியும்.

— பொண்ணுக்குச் சம்மதமான்னு ஒரு கட்டம்?

— அது... போடல. யாரும் கேக்கல. நானும் யோசிக்கல.

— போடுங்க. காலியா இருந்தா பிழைன்னு சொல்லணும்.

— போட்டுட்டேன். இப்ப ரெண்டு வருது. வாசல்ல யாரோ வாராக போல.

— அப்பச்சிதான். எந்திரிக்காதீக, உக்காருங்க.

— என்னாத்தா, பெட்டி எப்படி இருக்கு? படிப்ப வாங்கியாந்துட்டேன். எம்.காம். அதையும் பெட்டியில அடி, சோலி முடியட்டும்.

— புதுசா ஒண்ணு கேக்குது அப்பச்சி. நீங்களே வாசிங்க.

— ‘பெண்ணின் சம்மதம்: எழுதப்படவில்லை.’ தம்பி, இது யாரு வச்சது?

— நான்தான் ஐயா. தப்புன்னா எடுத்துருறேன்.

— இருக்கட்டும். ராசிங்கிச்சு, போனேன். உயரம்ங்கிச்சு, போனேன். தேவகோட்டை பஸ் கண்டக்டரு இப்பல்லாம் என்னையப் பார்த்தா நலம் விசாரிக்கிறாரு. மக வாயத் தொறந்து வேணாம்னு சொல்ல மாட்டா, அதுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு தம்பி.

— நீங்க என்னையக் கேட்டீகளா அப்பச்சி?

— கேக்கல. இப்பக் கேக்குறேன்.

— வேணாம்.

— சரி, வரவேணாம்னு போன் போட்டுருறேன். உன் பெட்டி மாதிரி நாளைக்கு ஒண்ணு, நாளன்னைக்கு ஒண்ணுன்னு சொல்லாம, மிச்சத்தையும் இப்பவே சொல்லிரு ஆத்தா. இந்தத் தம்பி எந்தக் கோயிலு?